கிரீஸ் தடவிய தென்னை மட்டை

டிராக்டர் ஞானப்பிரகாசம் போய்விட்டார்.

காலையில் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு ஒரு போன் பண்ண யாருக்கும் தோன்றவில்லை. சரி... இருக்கட்டும்.

திருக்காட்டுப்பள்ளிக்காரர்களுக்கு அவரைத் தெரியும். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். வாடகைக்கு டிராக்டர் ஓட்டியவர். தொண்ணூறுகளில் எங்கள் இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் காணும் பொங்கல் என்றால் ஞானத்தின் டிரெய்லர்தான்.

டிக்கெட் என்ன தெரியுமா? வீட்டுக்கு ஒரு கரும்பு.

அதை டிரெய்லரின் பக்கவாட்டில் கட்டிவிட்டு ஏறிக்கொள்ள வேண்டும். போகும்போது கரும்புக் கொல்லையே நகர்ந்து போவது போல் இருக்கும். திரும்பி வரும்போது வெறும் கயிறுதான் ஆடும், மிச்சமெல்லாம் பிள்ளைகள் வயிற்றில்.

சோறு அவரவர் வீட்டிலிருந்து. எங்கள் வீட்டுப் புளிசாதம் ஞானத்தின் பிள்ளைகளுக்கு, அவர் வீட்டுக் கறிக்குழம்பு எனக்கு...

காவிரிக் கரையில் ஒரே விளையாட்டு. காய்ந்த தென்னை மட்டையில் உட்கார்ந்து புல் மேட்டிலிருந்து சறுக்க வேண்டும். கீழே மணலில் வந்து மட்டை தானாக நிற்கும்.

ஒரு வருஷம் மட்டை பாதி மேட்டிலேயே நின்று நின்று போனது. நான் ஆயில் எஞ்சின் மெக்கானிக். எந்த ஐடிஐயிலும் படித்தவன் அல்ல, பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன். டிராக்டரிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்து மட்டையின் அடியில் தடவினேன்.

"அண்ணே, வேணாண்ணே. இது மட்டைண்ணே, பேரிங் இல்ல."

"நீ ஸ்டியரிங்க மட்டும் பாருய்யா."

ஞானத்தின் மகன் ஸ்டீபன்தான் முதலில் உட்கார்ந்தான். மணலில் நிற்க வேண்டிய மட்டை நிற்கவில்லை. நேரே தண்ணீருக்குள்! முழங்கால் ஆழம்தான். எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பெரியப்பா, இன்னொரு தடவ!" என்றான்.

பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டை முழுக்கக் கறுப்பு. அவன் அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டு முழுவதும் ஞானத்துக்கு.

அதிலிருந்து வருஷா வருஷம் கிரீஸ் டப்பாவை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். நான் பட்டறையிலிருந்து சின்ன டப்பா ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுவேன். அவர் என் பையைத் தடவிப் பார்த்துப் பிடுங்கிக்கொள்வார். இப்படியே எத்தனையோ பொங்கல்...

பிறகு பையன்கள் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பினார்கள். டிரெய்லரில் ஆளைவிட இடம் அதிகமானது. ஸ்டீபன் கனடா போனான். கடைசியில் நானும் ஞானமும் மட்டும் மொபெட்டில் போய்க் கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடி வந்தார். கனடாவில் பேத்தி, ஸ்டீபனின் மகள், பனி மேட்டில் பிளாஸ்டிக் பலகையில் உட்கார்ந்து சறுக்குகிற வீடியோ.

"பாத்தீங்களாண்ணே? நம்ம மட்டதாண்ணே இது!"

"அடியில என்ன தடவுறாங்கன்னு கேளு."

"ஒங்கள திருத்தவே முடியாதுண்ணே."

அந்தப் பிள்ளை நம் கரையில் ஒரு தடவை சறுக்குவதைப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவருக்கு அந்த ஒரே பேச்சுதான்.

போன பொங்கலுக்கு ஸ்டீபன் குடும்பத்தோடு வந்தான். வந்தவன் காணும் பொங்கலுக்குத் தீம் பார்க்கில் டிக்கெட் போட்டுவிட்டான். "ஆத்துல கண்ணாடிச் சில்லு கெடக்கும் பெரியப்பா. சேஃப்டி இல்ல."

"சறுக்கித் தண்ணியில விழறதுக்குக் காசு கட்டிப் போறியாடா? நீ விழுந்து எந்திரிச்ச ஆறு எங்கடா போச்சு?" என்றேன். அதற்கு மேலும் கொஞ்சம் சொன்னேன். ஞானத்தின் வீட்டு வாசலில் ஆள் கூடிவிட்டது. அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் தீம் பார்க்குக்கே போனார்கள்.

ஞானம் என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார்.

"அவன மெதுவா வழிக்குக் கொண்டாந்துட்டு இருந்தேன். வாய வச்சிக் கெடுத்துட்டீங்களேண்ணே. இனிமே எங்க வீட்டு விஷயத்துல தலையிடாதீங்க."

நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

ஸ்டீபன் குடும்பம் விமானம் ஏறிய மறுநாள், ஆற்றோரம் ஒரு பம்ப்செட் வேலைக்குப் போனேன். கரை மேட்டில் புல் படிந்து நீளமாக ஒரு தடம். கீழே ஈர மணலில் சின்னச் செருப்புத் தடம், பெரிய ஷூ தடம், ஓரமாக ஞானத்தின் தேய்ந்த ரப்பர் செருப்புத் தடம்.

கூட்டி வந்திருக்கிறார். ஸ்டீபனையும் சேர்த்தே கூட்டி வந்திருக்கிறார். என்னைக் கூப்பிடவில்லை.

கோபம் வந்தது. மறைக்க மாட்டேன்.

மட்டை தண்ணீர் ஓரமாகக் கிடந்தது. காலால் புரட்டினேன்.

அடியில் கிரீஸ்.

அள்ளி அப்பியிருந்தார்... நான் அப்புகிற மாதிரியே. அப்படியானால் நான் சொன்னதுதானே சரி?

நான் போய்க் கேட்கவில்லை. அவரும் வந்து சொல்லவில்லை. மட்டையைப் பட்டறைக்குக் கொண்டுவந்து மூலையில் சாத்தி வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஸ்டீபன் நாளைக் காலையில் வந்து இறங்குகிறானாம். சாயந்தரம் எடுக்கிறார்களாம். இதையும் குரூப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நீ கூப்பிடாவிட்டாலும் வருவேன், ஞானம்.