கலைச்செல்வியின் அறிக்கையில் என் கையெழுத்து

நான் ஏமாற்றினேன். ஆயினும், அதற்கு முன் நான் யாராக இருந்தேன் என்பதை நீங்கள் அறிந்துகொள்வது முறை. வேளாண்மைப் பட்டதாரி, முப்பத்தோர் ஆண்டுகள் வேளாண் அலுவலர். நெல்லின் இலையைப் பார்த்த மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிடுவேன் என்று திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் எனக்கொரு பெயர் உண்டு. நான் ஓய்வுபெற்ற பின்னும் அந்தப் பெயர் ஓய்வுபெறவில்லை.

சென்ற சம்பாவில் எங்கள் உழவர் குழு கலைச்செல்வியை வேலைக்கு அமர்த்தியது. அதுவரை நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வயல் வயலாகச் சென்று இலையைக் கைப்பேசியில் படமெடுப்பார். செயற்கை நுண்ணறிவுச் செயலி நோயின் பெயரை வாய்விட்டே சொல்லும். குழுவுக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆகவே நிபந்தனை: அதே இலையை நானும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு பிழை நேர்ந்தாலும் கலைச்செல்விக்கு வேலை இல்லை.

என் விடையும் இயந்திரத்தின் விடையும் வேறுபட்டால் ஊர் எதை நம்பும்?... இந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. அதே செயலியை என் கைப்பேசியிலும் ஏற்றிக்கொண்டேன். கலைச்செல்வி இலையோடு என் வீட்டு வாசலுக்கு வந்ததும், லென்ஸ் எடுத்து வருவதாகச் சொல்லி, இலையோடு உள்ளே போவேன், படமெடுப்பேன். வெளியே வந்து, லென்ஸைப் பிடித்து, நெற்றியைச் சுருக்கி, விடையை ஒப்பிப்பேன்.

"மிஷின் சொன்னதும் ஐயா சொன்னதும் அட்சரம் பிசகலையே," என்று வியந்தார் குழுத் தலைவர் கலியபெருமாள். பிசகுமா என்ன!

ஒருநாள் கலியபெருமாள் வயலின் இலை வந்தது. "பழுப்புப் புள்ளி நோய்," என்றேன்.

"நோய் மாதிரி தெரியலைங்க ஐயா," என்றார் கலைச்செல்வி. "தண்ணி தேங்குற பள்ளத்துல மட்டுந்தான் இப்படி. மேட்டுல பயிரு பச்சைப்பசேல்னு நிக்குது. ஜிங்க் சத்து பத்தலைன்னு நினைக்கிறேன். போட்டோவுல பள்ளம் மேடு தெரியாதுங்களே."

"மிஷினும் சொல்லுது, நானும் சொல்றேன். எங்களுக்கு மேல நீ யாரும்மா?"

கையெழுத்திட்டேன். கலியபெருமாள் மருந்தடித்தார். பயிர் தேறவில்லை. கலைச்செல்வியை நீக்கக் குழு கூடியது.

"ஜிங்க் போட்டுட்டுப் பத்து நாள் பொறுங்க. அப்பறம் நீக்குங்க," என்றார் கலைச்செல்வி.

"அப்ப ஐயா எப்படித் தப்பாச் சொன்னாரு?" என்று கேட்டார் கலியபெருமாள்.

கலைச்செல்வி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஐயாவுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கிப்போச்சுங்க. அவரைக் கோவிச்சுக்காதீங்க."

வெளியே வந்ததும் மெல்லச் சொன்னார்: "அடுத்த தடவை சத்தத்தைக் குறைச்சு வச்சுக்குங்க ஐயா. அன்னைக்கு உள்ளேர்ந்து அது பேசுனது வாசல் வரைக்கும் கேட்டுச்சு."

ஜிங்க் போட்டதும் பயிர் பச்சை கட்டியது. கலைச்செல்வியின் வேலை நிலைத்தது. என் கையெழுத்துத்தான் தேவையற்றுப் போயிற்று. இப்போது வரப்பில் நடந்தால் இருவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். குழு கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கித் தந்திருக்கிறது. செய்தித்தாளைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் படிக்கிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது...

ஆனால் அன்று கலைச்செல்வியை நீக்கியிருந்தால், நான் வாய் திறந்திருப்பேனா? தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

கண் மங்கியதால் தவறினேன் என்கிறார்கள். என் கண்ணில் குறை ஏதும் இல்லை. அந்த இலையை நான் பார்க்கவே இல்லை.