நீலத்தில் நான், சிவப்பில் ஸ்டெல்லா

முதலில் ஒரு உறுமல்; கதவைத் திறந்த பிறகுதான் தெரியும், அது செல்களைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜ் என்று. செல் எண்ணுகிறவனின் பொழுது அந்தச் சத்தத்தில்தான் தொடங்கும். ஊர் கண் விழிக்கும் நேரத்தில் கண் சொருக வேலை பார்க்கும் வேதனையை, இரவு டியூட்டிக்காரர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

ராமண்ணா பார்த்தது

அறுபதுகளில், பெங்களூரில் ஒரு தடுப்பூசிக் கூடத்தில் புட்டி கழுவப் போனவன் நான். பார்த்துப் பார்த்தே மைக்ராஸ்கோப் பழகி, செல் எண்ணும் தற்காலிக ஆளானேன். தடுப்பூசிக்காக வளர்க்கும் செல்களோடு நீலச் சாயம் கலந்தால் செத்தது நீலமாகும்; உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது. ஸ்டோர் ராமண்ணாவுக்கு ஒருநாள் இதைக் காட்டினேன். கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எதுவும் உள்ளே ஏறாததுதான் உயிரோட இருக்கா, ஸ்வாமி? ஹௌது, ஆமா, அப்போ நம்ம ஆபீசருக்கு ஆயுசு நூறு!"

இரண்டு சாயம்

கூடத்தை நடத்தும் டாக்டருக்கு ஒரு சந்தேகம்: ட்ரைபான் நீலம் உசத்தியா, இயோசின் சிவப்பு உசத்தியா? ஒரே புட்டியிலிருந்து இரவு டியூட்டி முடியும் காலையில் நான் நீலத்தில் எண்ணுவேன். அடுத்து, பகல் டியூட்டிக்கு வரும் காக்ஸ் டவுன் ஸ்டெல்லா சிவப்பில் எண்ணுவாள். என் கணக்கில் பாதி பிணம். அவள் கணக்கில் எல்லாரும் சௌக்கியம். கணக்கு ஒத்துவராவிட்டால் நான் பழையபடி புட்டி கழுவப் போகலாம் என்றார் டாக்டர். அடுகோடி வீட்டில் என் மனைவியோ 'மைக்ராஸ்கோப் உத்தியோகம்' என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஸ்டெல்லா கேட்டாள்: "அண்ணே, நீங்க எண்ணுறீங்களா, சாகடிக்கிறீங்களா?"

சாவி

மைக்ராஸ்கோப் ராமண்ணாவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அவர் வந்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டி, நெற்றிக்கு இட்டுக்கொண்ட பிறகுதான் சாவி. நேரம் மிச்சமாகட்டும் என்று நான் சாயத்தை முன்னாலேயே கலந்து வைத்துக் காத்திருப்பேன். ஸ்டெல்லா வரும்போது அலமாரி திறந்திருக்கும்; கலந்ததும் பார்த்துவிடுவாள். ஒருநாள் சீக்கிரமே வந்தவள், நான் கலந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டாள். சாயத்தில் ஊறினால் உயிருள்ளதும் செத்து நீலமாகிவிடுமே! "சாவி வந்தப்புறம் கலக்குங்க அண்ணே. அவர் பூஜை முடியறதுக்குள்ள நம்ம செல்லுக்கு சர்ச்சுல சாவு மணியே அடிச்சுடறாங்க."

ஒத்துப்போனது

மறுநாள் முதல் சாவியைக் கையில் வாங்கிய பிறகே கலந்தேன். நீலமும் சிவப்பும் கூடப்பிறந்தவைபோல் ஒத்துப்போயின. இனி உத்தியோகத்துக்குப் பயமில்லை என்று டாக்டர் முன் நிமிர்ந்து நின்றேன். அவர் கைகூடக் குலுக்கினார். "பேஷ்! ரெண்டும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு. அப்போ எண்ணுறதுக்கு ரெண்டு பேர் எதுக்குய்யா?"

கணக்கு தப்பாக இருந்தவரை இருந்த வேலை, சரியானதும் போய்விட்டதை அடுகோடியில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தொட்டியில் கிடந்த புட்டிகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன்.