வாழைப்பூ வடையும் போன வருஷத்துப் பக்கமும்

புது வெப்சைட் செய்து தருவது எங்கள் தொழில். புதிதாக எதையும் செய்யாமல் இருப்பது எங்கள் தொழில் ரகசியம். பழைய பக்கத்தைத் தட்டி நிமிர்த்திப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

தொண்ணூறுகளின் கடைசி. தி.நகரில் பாத்திரக் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி பாலாஜி சாருக்குப் புதிதாக ஒரு வரி எழுதினாலே ஆகாது. “போன தடவை செஞ்சது இருக்குல்ல? பேரை மாத்து, கலரை மாத்து, போ” என்பார். நான் அங்கே தற்காலிகம். அப்பாவோ பேங்க் ஆபீசர். “பொங்கலுக்குள்ள வேலை நிரந்தரம் ஆகலைன்னா பேங்க் பரீட்சை எழுதறே” என்று கெடு வைத்திருந்தார். கணக்கு என்றாலே எனக்குக் காய்ச்சல் வரும். இந்த வேலையோ, சொன்னால் வெட்கம், அவ்வளவு பிடித்திருந்தது.

பல் டாக்டர் வீட்டுப் பந்தி

அடையாறு பல் டாக்டர் ஒருவருக்கு சைட் வேண்டும். கையில் இருந்தது மயிலாப்பூர் கல்யாண மண்டபத்தின் பக்கம். மேளக்காரர் படத்தை எடுத்துவிட்டுப் பல் படத்தைப் போட்டேன். மண்டபம் என்று வந்த இடமெல்லாம் கிளினிக் ஆக்கினேன். ‘ஒரே நேரத்தில் முன்னூறு பேர் அமரலாம்’ என்ற வரி மட்டும் அடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

டாக்டர் கோபக்காரர் இல்லை. போனில் பொறுமையாகத்தான் கேட்டார்: “என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு நாற்காலிம்மா. மீதிப் பேரெல்லாம் வாயைத் திறந்துட்டு வரிசையில நிக்கணுமா?”

மீனுக்கு மணி அடித்தது

பட்டினப்பாக்கத்திலிருந்து ஓட்டல்களுக்கு மீன் அனுப்பும் அண்ணன் ஒருவர், சிங்கப்பூர் மாப்பிள்ளையின் நச்சரிப்பு தாங்காமல் எங்களிடம் வந்தார். ஒரு ஜோசியருக்குச் செய்த பக்கத்தை எடுத்து, ராசிச் சக்கரம் இருந்த இடத்தில் வஞ்சிரத்தை வைத்தேன். பக்கம் திறந்ததும் கோயில் மணி அடிக்கும்படி ஜோசியருக்காக நானே வைத்தது ஞாபகத்தில் இல்லை.

அண்ணன் எதிரில் உட்கார்ந்திருக்க, பக்கத்தைத் திறந்தேன். டிங் டிங்கென்று மணி. பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் திரையில் மீனைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

“சத்தம் நல்லாத்தான் கீது, இருக்கட்டும்மா. வெள்ளிக்கெழம மட்டும் நிறுத்திடு. மணிய கேட்டா எவன் மீன் வாங்குவான்?”

அமெரிக்காவில் எழுதிய மெனு

மார்கழி வந்தது. மயிலாப்பூர் சபா ஒன்றின் கச்சேரிப் பட்டியலை இணையத்தில் போடும் வேலை. “இதை ஒழுங்கா முடி, உன்னை நிரந்தரம் பண்றேன்” என்றார் முதலாளி. போன வருஷப் பக்கத்தை எடுத்து வித்வான்கள் பெயரையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாற்றினேன். அதே பக்கத்தின் கோடியில் கேண்டீன் மெனு இருந்தது. அதைத் தொடவில்லை. இந்த வருஷம் கேண்டீன்காரரே வேறு ஆள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் பக்கத்தைப் படித்துவிட்டு இங்கே அப்பா அம்மாவுக்குப் போன் போட்டார்கள்: சபாவில் வாழைப்பூ வடையாம், போய்ச் சாப்பிடுங்கோ! மாமாக்களும் மாமிகளும் கேண்டீனில் குவிந்தார்கள். அங்கே இருந்ததோ போண்டாவும் சேவையும். “இன்டர்நெட்லயே போட்டிருக்கு ஓய்!” என்று ஒரே ரகளை. சபா செயலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போச்சு, பேங்க்தான் என்று அழுகையை அடக்கிக்கொண்டு போய் நின்றேன். கேண்டீன்காரர் இடுப்பில் துண்டோடு வந்தார்.

“ஏம்மா, அமெரிக்காவுல உக்காந்துண்டு என் மெனுவை எவன் எழுதறான்?”

காலியான ஹால்

கத்தினாரே தவிர, மனுஷர் கெட்டிக்காரர். மறுநாளே மூட்டை மூட்டையாக வாழைப்பூ இறக்கிவிட்டார். பின்பாதியில் வரும் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிற கூட்டம், அந்த வருஷம் அதற்கு முந்தைய ஆலாபனைக்கே எழுந்துவிட்டது. சீசன் முடிவதற்குள் கேண்டீன்காரர் எங்கள் மாடி ஏறி வந்து தனக்கும் ஒரு சைட் கேட்டார், அந்தப் பெண்தான் செய்ய வேண்டும் என்று கண்டிஷனோடு. முதலாளி அங்கேயே என்னை நிரந்தரமாக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

செயலாளர்தான் கடைசிவரை முறைத்தார்: “கூட்டம் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தே. ஹால்ல வித்வான் மட்டும்னா உக்காந்திருக்கார்!”

அப்பாவின் தீர்ப்பு

வீட்டுக்கு ஓடினேன். அப்பா விரலில் எண்ணெய் மினுமினுக்க அப்போதுதான் சபாவிலிருந்து வந்திருந்தார். “எவனோ புண்ணியவான் பழைய மெனுவை மாத்த மறந்துட்டானாம். அமிர்தமா ஒரு வடை!” என்றார். அந்தப் புண்ணியவான் நான்தான் என்றேன். வேலை நிரந்தரமானதையும் சொன்னேன். அப்பா தோள் குலுங்கச் சிரித்தார்.

“பேங்க்ல போன வருஷத்து ஏட்டை அப்படியே இந்த வருஷத்துக்கு வச்சா கம்பி எண்ணணும். உனக்கு வடை வர்றது. நீ அங்கேயே இரு.”

ஆக, சக பாவிகளே, பழைய பக்கத்தில் நான் மாற்றியதற்கெல்லாம் சம்பளம்தான் வந்தது, மாற்றாமல் விட்டதற்குத்தான் வேலையே கிடைத்தது.