நானாவின் விமானமும் நான் பூசிய வெள்ளையும்

என் மூத்த சகோதரர், நானா, வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் பதினெட்டு வருசம் மெக்கானிக்காக இருந்தவர். ஒரேயடியாக ஊர் திரும்பியபோது இரண்டு பெட்டி நிறையக் கருவிகளும் ஒரு கட்டு வரைபடங்களும் கொண்டுவந்தார்.

"இதென்ன மவன்?" என்று உம்மா கேட்டார்.

"பிளேன்" என்றார் நானா.

உம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் ஃபைபர் போட் செய்கிறவன். தொண்ணூறில், யுத்தத்தில், மன்னார் முஸ்லிம்கள் எல்லோரோடும் நாங்களும் புத்தளத்துக்குத் துரத்தப்பட்டபோது எனக்கு ஆறு வயது, நானாவுக்குப் பன்னிரண்டு. அவர் படித்தார். எனக்குப் படிப்பு ஓடவில்லை, தொழில் ஓடியது. அதனால்தான் என்னிடம் வந்தார். "இரும்பு வேலை நான் பார்க்கிறன். உடம்பும் இறக்கையும் நீ செய்."

அவர் வரைந்திருந்தது சின்ன விமானம். முன்னால் ஓட்டுகிறவர், பக்கத்தில் இன்னொருவர். பின்னால் ஒரு நோயாளியைப் படுக்கவைக்கலாம், இல்லாவிட்டால் மீன் பெட்டி ஏற்றலாம். தார் போட்ட ஓடுபாதை தேவையில்லை, கடல்நீர் வற்றிக் காய்ந்த களப்புத் தரையே போதும். கல்பிட்டியிலிருந்து கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எத்தனை பேர் வழியிலேயே மௌத்தாகிவிட்டார்கள் என்று அவர் கேட்டார்.

முந்தலில், மூடிக் கிடந்த ஒரு இறால் பண்ணையின் களஞ்சியத்தில் வேலை தொடங்கினோம். எஞ்சின், விபத்தில் நசுங்கிய ஒரு ஜப்பான் காரிலிருந்து கழற்றியது. கடலில் ஓடும் போட்டுக்குப் பாரம் ஒரு பொருட்டில்லை. விமானத்தில் கூடுதலாக ஒரு பூச்சுப் பூசினாலும் நானா வந்து நிற்பார். தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

முதல் இறக்கை முடிந்ததும் அதைக் கவிழ்த்துக் கட்டி, மேலே உப்பு மூட்டைகளை அடுக்கினோம். காற்று கீழிருந்து தூக்கும் பாரத்தை அப்படித்தான் சோதிக்க வேண்டுமாம். பாதி மூட்டைகள்கூட ஏறவில்லை, மடாரென்று முறிந்தது. நான் அவசரப்பட்டு ஒட்டிய இடம். உள்ளே காற்றுக்குமிழி நின்றிருந்தது. நானா ஏசவில்லை. முறிந்த துண்டை அறுத்து என் கையில் தந்தார்.

"பாரு. இதுக்குள்ள ஒரு ஆள் இருந்திருப்பான்."

அதற்குப் பிறகு நான் அவசரப்பட்டதில்லை. இரண்டாவது இறக்கை எல்லா மூட்டைகளையும் தாங்கியது.

பக்கக் கதவு என்னுடைய யோசனை. படுத்திருக்கிற ஆளை இருக்கைக்கு மேலால் தூக்கி உள்ளே வைக்க முடியாது. என் மச்சானைப் பலகையில் படுக்கவைத்துத் தூக்கிக் காட்டினேன், மச்சானின் தலை இரண்டு தரம் இடிபட்டது. அப்படித்தான் நானா சம்மதித்தார். ஆனால் கதவுக்காக வெட்டிய இடத்தைப் பலப்படுத்தியதில் வால் பக்கம் பாரம் கூடிவிட்டது. அதைச் சரிக்கட்ட பெட்டரியை முன்னுக்குக் கொண்டுபோனார், எஞ்சினை ஒரு சாண் முன்னே தள்ளினார். அந்த ஒரு சாணுக்கு ஏழு மாதம் போனது.

கோடையில் காய்ந்த களப்புத் தரையில் ஓட்டிப் பார்த்தோம். நானா வேகம் கூட்ட, வால் மெல்ல எழும்பியது. சக்கரம் தரையை விடவில்லை. அதற்குள் யாரோ சொல்லிக்கொடுத்து பொலிஸ் வந்துவிட்டது. பகல் முழுக்க விசாரணை.

"சொந்த ஊர் எது?"

"மன்னார். இருபத்தெட்டு வருசமா புத்தளம்" என்றார் நானா.

அதிகாரி "மன்னார்" என்று மட்டும் எழுதினார்.

பறக்க அனுமதி கேட்டு நானா கொழும்புக்கு அலைந்தார். ஒவ்வொரு தரமும் இன்னொரு கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். அப்போதுதான் ஹோட்டல் முதலாளி ஒருவர் வந்தார். விமானத்தைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். தன்னுடைய கம்பெனியின் பெயரில் போட்டால் அனுமதி எடுத்துத் தருவதாகச் சொன்னார். நானா அந்தப் பத்திரத்தை இரண்டு தரம் வாசித்தார். விமானம், வரைபடம் எல்லாம் கம்பெனிக்கு என்று இருந்தது.

"போடுங்க நானா. இல்லாட்டி இது இங்கேயே உக்கிப் போகும்" என்றேன். சொன்னது நான்தான். நானா கையெழுத்துப் போட்டார்.

அது பறந்தது. விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ஓட்டினார். நானாவை ஏறவிடவில்லை. பதினொரு நிமிடம் வானத்தில் நின்றது, பிறகு ஒரு கொக்கு இறங்குவது போல இறங்கியது. ஓட்டியவர் நேரே நானாவிடம் வந்து, "கையை விட்டாலும் நேராகப் போகுது" என்று சிங்களத்தில் சொன்னார். நானா எஞ்சின் மூடியைத் திறந்து எங்காவது எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார். பின்னால் முதலாளி "எங்கள் பொறியியல் குழு" என்று பேசிக்கொண்டிருந்தார். படம் பிடிக்க வந்தவன் நானாவைத் தோளில் தொட்டு, மறைக்கிறீங்க, கொஞ்சம் விலகுங்க என்றான். அவர் விலகினார்.

பிறகு முதலாளிக்கு நோயாளிகள் தேவைப்படவில்லை. டொல்பின் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்ற வேண்டும், நாலு இருக்கை வேண்டும்.

"பின்னால ரெண்டு பேர் இருந்தா பாரம் வாலுக்குப் போகும். மூக்கு தூக்கும். இது விழும்" என்றார் நானா.

கொழும்பில் வேறு ஆட்கள் செய்தார்கள். கதவை மூடி ஒட்டி யன்னல் வைத்தார்கள். ஓட்ட வந்தவர் தரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார், இறங்கினார், முடியாது என்றார். அதோடு சரி. இரண்டு வருசம் படங்கு போர்த்தியபடி கிடந்தது. பிறகு அதைக் கொண்டுவந்து கல்பிட்டிக் கடற்கரை ஹோட்டல் வாசலில் கொங்கிரீட் தூணில் ஏற்றிவைத்தார்கள். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படமெடுக்கிறார்கள்.

போன வருசம் அந்த ஹோட்டல் மனேஜர் எனக்குப் போனில் கோல் எடுத்தான். உப்புக் காற்றில் விமானத்தின் பூச்சுப் பொரிந்துபோய்விட்டதாம், ஃபைபர் வேலை தெரிந்த பாஸ் ஒருவர் வேண்டுமாம். அதைச் செய்தவனே நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. நான் போகாமல் விட்டிருக்கலாம். போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்கே சரியாகச் சொல்ல வராது. தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது என்று சொன்னால் பாதி பொய்.

ஏணி வைத்து ஏறி உரசினேன். பூச்சுக்குக் கீழே கதவின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. அதன்மேலும் தேய்த்து மட்டமாக்கினேன். மனேஜர் கீழே நின்று பெருமையாகச் சொன்னான், "இது எங்கட முதலாளியே டிசைன் பண்ணினது."

"ஓம்" என்று ஆமோதித்தேன். முழுக்க வெள்ளை பூசி முடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாளில் நானாவுக்குத் தெரிந்துவிட்டது. பட்டறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"நீயா பூசினாய்?"

"ஓம் நானா."

"அவன் சொன்னதுக்கும் ஓம் என்றாயாம்."

கையெழுத்துப் போடச் சொன்னதற்குக்கூட அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

"என்னை இல்லை என்று சொன்னது பரவாயில்லை. நீ உன்னையுமல்லவா இல்லை என்று சொல்லிப்போட்டாய்."

நானா இப்போது முந்தலில் இறால் குளங்களில் காற்றடிக்கிற மெசின் திருத்துகிறார். பெருநாளைக்கு வீட்டுக்கு வருவார். ஸலாம் சொல்லுவார், என் பிள்ளைகளைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்வார், வட்டிலப்பம் கொடுத்தால் சாப்பிடுவார். என்னோடு கதை இல்லை. என் மனைவி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, நான் கேட்பதை அவருக்கும் அவர் சொல்வதை எனக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.