கூக்கால் ஏரியில் என் ஜீப் இன்ஜின்

மலையில் மெக்கானிக் வேலை பார்ப்பவனுக்கு இரண்டு தொல்லைகள்: ஒன்று மழை, இன்னொன்று படித்த நண்பன். மழை வந்தால் ரிப்பேரான வண்டி நிற்கும். படித்த நண்பன் வந்தால் ஓடுகிற வண்டியும் நிற்கும். வீட்டில் ஒழுங்காக ஓடிய பொருளைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் திருதிருவென்று முழித்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம கட்சிதான்.

பாதி ஜீப்

எண்பதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப்பும், கூக்கால் பக்கம் ஆள் ஏற்ற ஒரு பழைய ஜீப்பும் இருந்தன. ஒர்க்‌ஷாப் பெயருக்குத்தான். சோறு போட்டது ஜீப். மிஷன் பள்ளி சயின்ஸ் வாத்தியார் இருதயராஜ் சார் ஒருநாள் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையோடு வந்தார். அதில் சேற்றில் ஓடி, தண்ணீரிலும் நீந்துகிற ஒரு வண்டியின் படம். "மழைக்காலத்துல கூக்காலுக்கு உங்க ஜீப் போகாது. இது போகும்" என்றார். ஆசை யாரை விட்டது?

தார் பீப்பாய்களை வெட்டித் தட்டி ஒரு பெரிய தொட்டி செய்தோம். ஆறு சக்கரம் மாட்டினோம். தண்ணீருக்குள் அந்தச் சக்கரங்களே துடுப்பு என்பது சாரின் கணக்கு. இன்ஜினை என் ஜீப்பிலிருந்துதான் இறக்கினேன். அது கெட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என் மனைவி செல்லம்மாவுடையது. அவள் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னாங்க, நான் கப்பல்ல வந்தவ. கப்பலு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது கப்பல் இல்ல."

வாடகைக்கு உண்டா?

ஒர்க்‌ஷாப் வாசலில் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டை தேடிக்கொண்டிருந்தோம். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்தார். விரலால் சுண்டினார். சார் பெருமையோடு மிதப்பு விதியை விளக்க ஆரம்பித்தார். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டு, பயபக்தியோடு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "எல்லாஞ் சரிங்க சார், இதுல எத்தன மரக்கா அரிசி வேகும்?"

பள்ளங்கிச் சேறு

முதல் சோதனை பள்ளங்கியில். சேற்றில் வண்டி பிரமாதமாகப் போனது. நிறுத்துவதில்தான் சிக்கல். பாதையை விட்டு இறங்கி, ஒருவரின் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நாலு பாத்தியைப் புரட்டிவிட்டுத்தான் நின்றது. தோட்டக்காரர் வந்தார். அடி விழும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சுண்டைக்காய் அளவில் வெளியே கிடந்த கிழங்குகளைப் பொறுக்கிப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் தோண்டுது. இன்னும் ஒரு மாசங் கழிச்சுக் கொண்டாங்க, கிழங்கு முத்தட்டும்."

தாம்பாளத்தில் இருந்த கட்டை

கொடைக்கானல் ஏரியில் இறக்கினால் சிரிப்பதற்கு ஊரே திரளும். அதனால் பூண்டு ஏற்றப் போன காலி லாரியில் வண்டியைக் கூக்காலுக்குக் கொண்டுபோனோம். அன்று ஆயுத பூஜை. வண்டிக்குப் பூசை போட ஊர்ப் பூசாரி ஏரிக்கரைக்கு வந்திருந்தார். பள்ளங்கிச் சேறு ஒட்டியிருந்த தொட்டியைக் கழுவி, அடியில் இருந்த அடைப்புக் கட்டையைப் பிடுங்கித் தண்ணீரை வடிய விட்டேன். இருதயராஜ் சார் கிறிஸ்தவர், ஆனாலும் நம்ம பூசைக்கு மரியாதை காட்ட வேண்டும் என்று நினைத்தார். புல்லில் கிடந்த ஸ்பானர், சுத்தியல், அந்தக் கட்டை, எல்லாவற்றையும் பொறுக்கிப் பூசாரியின் தாம்பாளத்தில் வைத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் ஆயிற்று.

சக்கரத்துக்கடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு, சாரையும் என்னையும் சுமந்து வண்டி ஏரியில் இறங்கியது. மிதந்தது! சந்தோஷத்தில் கரையைப் பார்த்துக் கையை ஆட்டினேன். இடுப்பளவு ஆழத்துக்குப் போன பிறகுதான் கால்விரல் ஜில்லென்றது. குனிந்து பார்த்தால் கட்டை பிடுங்கிய ஓட்டை வழியாக ஏரி உள்ளே வந்துகொண்டிருந்தது. சார் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். என் சோறு முங்கப் போகிறதே என்று நான் கரையைப் பார்த்து, "அந்தக் கட்டைய இங்க தூக்கி எறிங்க!" என்று அலறினேன். பூசாரி அசையவில்லை. "பூசையில வச்ச ஆயுதத்த இன்னைக்கு எடுக்கக் கூடாதுங்க. நாளைக்கு வெள்ளனே வந்து வாங்கிக்கங்க."

ஓடை

கூக்கால்காரர்கள் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். தொட்டியைச் சமையல்காரருக்கே கொடுத்துவிட்டு, இன்ஜினைப் பிரித்துத் துடைத்துக் காயவைத்து ஜீப்பில் பூட்டினேன். சாவியைத் திருப்பினேன். செல்லம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. வெட்கத்தை விட்டு அழுதேன். அவளும் அழுதாள், ஆனால் என்னைத் திட்டிக்கொண்டே.

மறுநாளே கூக்காலுக்கு ஆள் ஏற்றினேன். வழியில் ஒரு ஓடை, கணுக்கால்கூட நனையாது. அதன் முன்னால் ஜீப் வேகத்தைக் குறைத்ததுமே பின்னால் இருந்தவர்கள் மளமளவென்று குதித்து இறங்கினார்கள். ஒரு பெரியவர் மட்டும் என் பக்கம் வந்து, மனசு நோகாதபடி சொன்னார்: "நீங்க வெரசா அக்கரைக்குப் போங்க தம்பி. நாங்க நடந்து வந்து ஏறிக்கிறோம்."

தரையிலும் தண்ணீரிலும் போகிற வண்டி செய்யக் கிளம்பி, தண்ணீரைக் கண்டாலே ஆட்கள் இறங்கி நடக்கிற வண்டியைச் செய்து முடித்த ஒரே மெக்கானிக், இந்தப் பழனி மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.