அக்கரையில் சொந்தம் இல்லை

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்கு ஓர் உத்தேசம்தான். வாராவாரம் இதைப் படித்து, திருத்தி, கம்ப்யூட்டரில் அடிக்கிற பத்திரிகை ஆபீஸ் தங்கச்சிக்குத்தான் அந்தக் கஷ்டம். தப்பு இருந்தால் அது என்னுடையது. சரியாக இருந்தால் அவளுடையது.

இந்த வாரம் கூடுதலாகவே கிறுக்கியிருக்கிறேன். எழுதும்போது சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. சிரித்தால் பேனா ஆடாதா?

நான் வாழை போடுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊருக்கும் என் மனைவி பேச்சியம்மாள் பிறந்த ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். தாமிரபரணித் தண்ணீர். இந்தப் பக்கம் நாங்கள். பாலத்தைத் தாண்டினால் அவர்கள் - அக்கரை என்போம். அங்கேயும் வாழை, இங்கேயும் வாழை. அவர்கள் பெண்கள் இங்கே, எங்கள் பெண்கள் அங்கே.

போன வருஷம் ஒரு பெண் வந்தாள். பெயர் மதுமிதா. கோயம்புத்தூர்க்காரி. டெல்லியில் பொருளாதாரத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை.

அவள் ஆராய்ச்சி இதுதான். விடியற்காலையில், டவுன் மார்க்கெட்டில் வாழைத்தார் என்ன விலைக்குப் போகிறது என்று விவசாயியின் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். வியாபாரி தோட்டத்துக்கு வந்து அடிமாட்டு விலை கேட்டால், ‘அங்க விலை இப்படில்லா போகுது’ என்று நாம் வாய் திறக்கலாம். நல்ல திட்டம்தானே?

நல்ல திட்டம்தான். ஆனால் அக்கரைக்கு மட்டும்.

“ஒரு ஊருக்குக் குடுத்து, ஒரு ஊருக்குக் குடுக்காம இருந்தாத்தாங்க பலன் தெரியும். சீட்டுக் குலுக்கிப் போட்டேன். உங்க ஊருக்கு அடுத்த வருஷம்ங்க” என்றாள் மதுமிதா. “ரெண்டு ஊருக்கும் விலையில வித்தியாசம் வந்தா, அரசாங்கம் எல்லாருக்கும் இதைக் குடுக்கலாம்னு எழுதுவேன். வித்தியாசமே இல்லைன்னா, இந்தத் திட்டம் வீண் செலவுன்னு எழுதிடணும்ங்க.”

ஒன்றும் கொடுக்காமல் சும்மா வைத்துப் பார்க்கிற ஊருக்கு ‘கன்ட்ரோல்’ என்று பெயராம்.

“யார் கன்ட்ரோல்ல வே? வீட்லதான் அப்படின்னா ஊர்லயுமா?” என்றார் என் பக்கத்துத் தோட்டக்காரர் சங்கரன்.

எங்கள் ஊருக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்களுக்கு இல்லாத விலை, எங்கள் மச்சினன்மாருக்கு மட்டுமா?

என் மச்சினன் முத்துவிடம் பைய விசாரித்துப் பார்த்தேன். பேச்சியம்மாளின் தம்பி. யாரிடமும் விலையைச் சொல்ல மாட்டோம் என்று அந்தப் பெண்ணுக்கு அக்கரைக்காரர்கள் எல்லோரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

“அத்தான், வேற என்ன வேணும்னாலும் கேளுங்க. விலையை மட்டும் கேக்காதிய” என்றான்.

முத்து வாக்குக் கொடுத்தால் வாயைத் தைத்துக்கொள்வான். வாயைத் தைக்கலாம்... முகத்தை எப்படித் தைப்பது?

என் தோட்டத்து வரப்பில் நின்றால் பாலமும் டீக்கடையும் தெரியும். காலையில் முத்து போனைப் பார்ப்பான். பார்த்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் தோட்டத்துக்குப் போனால், விலை ஏறியிருக்கிறது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டாவது டீ சொன்னால், இறங்கியிருக்கிறது. இதற்கு மேல் எதற்கு மெசேஜ்?

அவன் ஓடினால் நானும் தார் வெட்டினேன். வியாபாரி வந்து இழுத்துப் பேசினால் வாயே திறக்காமல் நின்றேன். அது எனக்கு இயல்பாக வருவதுதான். கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் பாயசம் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு எழுந்து வந்தவன் நான். ஆனால் இந்த முறை நான் கூச்சத்தில் நிற்பதாக வியாபாரிக்குத் தெரியவில்லை. இவனுக்கு ஏதோ விலை தெரிந்திருக்கிறது என்று நினைத்து அவரே ஏற்றிக் கொடுத்தார்.

எங்கள் ஊரில் ஆளாளுக்கு ஒரு மச்சினன். ஆளாளுக்கு ஒரு முகம். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. யாரும் வாக்கு மீறவில்லை!

இப்படியே போயிருந்தால் சிக்கலே இல்லை.

மார்கழியில் மதுமிதா கையில் டேப்லெட்டுடன் வீடு வீடாக வந்தாள். கேள்வி கேட்பாள், விரலால் தட்டிக்கொள்வாள். அவள் எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன்பே சங்கரன் வந்துவிட்டார்.

“அக்கரையில சொந்தம் உண்டான்னு ஒரு கேள்வி வருதாம் வே. உண்டுன்னு சொன்னா பேரை அடிச்சிருவாவளாம். அடுத்த வருஷம் மெசேஜ் வராதாம்.”

“யாரு சொன்னா?”

“சொன்னாவ.”

எங்கள் பக்கத்தில் ‘சொன்னாவ’ என்பதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

மதுமிதா வந்தாள். எத்தனை வாழை, என்ன ரகம், யாருக்கு விற்கிறீர்கள்... எல்லாம் கேட்டாள். கடைசியாக, “அக்கரையில சொந்தக்காரங்க இருக்காங்களாண்ணா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“இல்லம்மா.”

டொக்கென்று ஒரு சத்தம். அவளுக்குக் காபி கொண்டுவந்த பேச்சியம்மாள் டம்ளரை வைத்த சத்தம். வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெண் தெருத் திரும்பினாள். பிறகு ஆரம்பித்தது.

“அந்தப் பிள்ளைட்ட என்ன சொன்னிய?”

“சும்மா... ஒரு கணக்குக்கு...”

“கணக்குக்கா? அப்ப நான் எந்தக் கணக்குல இங்கன வந்தேன்? வாய்க்கால்ல மிதந்து வந்தேனா?”

அதே வேகத்தில் போனை எடுத்துவிட்டாள்.

“ஏலே முத்து... ஒங்க அத்தானுக்கு அக்கரையில சொந்தமே கெடையாதாம். படிச்ச பிள்ளைட்ட அவியளே சொல்லியாச்சு. இந்த வருஷம் பொங்கப்படி அது இதுன்னு கொண்டாந்து அவியளச் சங்கடப்படுத்தாத.”

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பொங்கலுக்கு முன்னால் அண்ணன் தம்பிமார் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கொண்டுவருகிற சீர்தான் பொங்கப்படி. பச்சரிசி, வெல்லம், பானை, கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, ஒரு சேலை. எல்லாமே எங்கள் ஊரிலும் கிடைக்கும். ஆனால் படி வராத வீட்டில் பொங்கல் பொங்கினாலும் அந்த வீட்டுப் பெண்ணின் முகம் பொங்காது. பிறந்த வீட்டுக் கதவு சாத்திவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

பேச்சியம்மாள் கோபத்தில் சொன்னாள். முத்து அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டான்.

பொங்கல் நெருங்கியது. ஒருநாள் காலையிலிருந்தே பாலத்தில் லோடு ஆட்டோக்கள். கரும்புத் தோகை ஆட ஆட ஒவ்வொன்றாக எங்கள் ஊருக்குள் வருகின்றன. அன்றைக்குப் பார்த்து, விட்டுப்போன இரண்டொரு கேள்விகளைக் கேட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பலாம் என்று மதுமிதா சங்கரன் வீட்டு வாசலில் நிற்கிறாள்.

ஆட்டோ அவர் வீட்டு முன்னால்தான் நின்றது.

“யாருங்ண்ணா இவங்க?”

“கரும்பு... கரும்பு வியாபாரிம்மா” என்றார் சங்கரன்.

வியாபாரி இறங்கினார். புதுப் பானையைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் போனார். “யக்கா, அடுப்புல என்ன வெச்சிருக்க? பசிக்கி” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அடுத்த வீட்டுக்கு இன்னொரு ஆட்டோ வந்தது. அதற்கடுத்த வீட்டுக்கும். அக்கரையில் சொந்தமே இல்லாத தெரு முழுக்கக் கரும்பு.

எங்கள் வீட்டு வாசல் மட்டும் காலி.

பேச்சியம்மாள் வாசலைக் கூட்டினாள். கூட்டின வாசலையே மறுபடி கூட்டினாள். ஆட்டோச் சத்தம் கேட்டால் தலையை நிமிர்த்த மாட்டாள். விளக்குமாறு மட்டும் நிற்கும். சத்தம் தாண்டிப் போனதும் விளக்குமாறு மறுபடி நகரும். அதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருக்க? பின்கட்டுக்குப் போய் முத்துவைக் கூப்பிட்டேன்.

“சொந்தம் இல்லாத ஊருக்கு எப்படி அத்தான் படி கொண்டாரது? சட்டப்படி தப்புல்லா?”

“ஏலே, வெளையாடாத. ஒங்க அக்கா மொகத்தப் பாக்க முடியல.”

“அப்ப அந்த மேடம்ட்ட போய்ச் சொல்லுங்க. மெல்ல இல்ல. தெருவே கேக்கணும். போன கட் பண்ணாதிய, நானும் கேக்கணும்.”

தெருவே கேட்கவா? நானா? ஆனால் அந்த விளக்குமாறு...

போனைக் கையில் பிடித்தபடியே போனேன். சங்கரன் வீட்டு முன்னால் மச்சினன்மாரும் மாப்பிள்ளைமாருமாக நல்ல கூட்டம். நடுவில் மதுமிதா. தொண்டையைச் செருமினேன். நான் பேசிப் பார்த்திராத ஊர் சட்டென்று அமைதியாகிவிட்டது. அது இன்னும் மோசம்.

“யம்மா... நான் அன்னைக்குச் சொன்னது பொய். எனக்கு அக்கரையில சொந்தம் உண்டு. என் வீட்டுக்காரியே அக்கரைதான். என் மச்சினன் முத்து ஓடுனா நான் தார் வெட்டுவேன். அவன் ரெண்டாவது டீ சொன்னா நான் வெட்ட மாட்டேன். அம்புட்டுதான்.”

“வே, எல்லாத்தையுமா சொல்லுவீரு?” என்றார் சங்கரன்.

“நீரு மட்டும் என்னவாம்? ஒம்ம மச்சினன் பைக் எடுக்கிற சத்தம் கேட்டாலே நீரு அரிவாளத் தீட்டுவீருல்லா?” என்று அவர் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

அதன் பிறகு தெருவே ஒப்புக்கொண்டது. எனக்கும் உண்டு, எனக்கும் உண்டு என்று.

மதுமிதா சங்கரன் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாளோ என்று பயந்தேன். சிரித்தாள்.

“எனக்குச் சந்தேகம்தாங்க. ரெண்டு ஊர்லயும் ஒரே நாள்ல வெட்டறீங்க, ஒரே விலைக்கு விக்கறீங்க. அதுக்காகத்தான் அந்தக் கேள்வியவே கேட்டேன். எல்லாரும் இல்லைன்னுட்டீங்க. சரி, மெசேஜால பிரயோஜனம் இல்லைன்னு எழுதியே வெச்சுட்டேங்க. பொங்கல் முடிஞ்சதும் அனுப்பறதா இருந்தேன்.”

எங்கள் கெட்டிக்காரத்தனத்தால், எங்களுக்கு வர வேண்டியது மட்டும் இல்லை, எல்லோருக்கும் வர வேண்டியதே போயிருக்கும்.

“இப்ப?” என்றார் சங்கரன்.

“இப்ப என்னங்க, பலன் வாய்க்காலத் தாண்டிப் போயிருக்குன்னு மாத்தி எழுதணும். நிரூபிக்கறதுக்கு இன்னொரு ஊர்ல முதல்லருந்து பாக்கணும். எங்க சார் திட்டுவாரு...”

அப்போது ஓர் ஆட்டோச் சத்தம். முத்துவுடையது. அவன் போனில் பேசினது வீட்டிலிருந்து இல்லை. படியை ஏற்றிக்கொண்டு வந்து பாலத்தின் மேலேயே நின்றிருக்கிறான், படுபாவி.

பேச்சியம்மாள் தம்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கரும்புக் கட்டைப் பார்த்தாள்.

“போன வருஷத்தவிடக் கரும்பு மெலிவால்லா இருக்கு?” என்றாள்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

எல்லோருமாக மதுமிதாவைப் பனங்கிழங்கோடு உட்கார வைத்தோம். ஒரு பாவத்தைச் செய்தாகிவிட்டது, அவளுக்கு நல்ல ஊராக ஒன்றைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று ஊரே யோசித்தது. வாழை போடுகிற ஊராக இருக்க வேண்டும். அக்கரைக்குச் சம்பந்தமே இல்லாததாக இருக்க வேண்டும்.

“ஆழ்வார்குறிச்சிப் பக்கம் பாக்கலாம்” என்றான் முத்து.

“அங்கன நம்ம சித்தி இருக்காளே” என்றாள் பேச்சியம்மாள்.

“அப்ப களக்காடு?”

“என் மருமகன் ஊருல்லா” என்றார் சங்கரன்.

“சேரன்மகாதேவி?”

மூன்று பேர் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள்.

பொருளாதாரப் புத்தகத்தில், சந்தையில் ஒவ்வொரு மனிதனும் தனித்தனியாக முடிவெடுக்கிறான் என்று போட்டிருக்கிறதாம். மதுமிதாதான் சொன்னாள். இருக்கலாம். அந்த மனிதனுக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது.

அவள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள். தாமிரபரணிக் கரையில், அடுத்த ஊரில் பெண் எடுக்காத ஊர் ஒன்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். ‘சொன்னாவ’ மட்டும் வேண்டாம்.

எழுதி முடித்தது: மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், தை மாதம்.