மாடி மாறிய மீட்டிங்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கடல் தாண்டி பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி சேவியர், குனிந்து என் காதில் சொன்னான்: "அக்கா, யாராச்சும் பாத்துக் கேட்டா, மாமா வீட்டுக்குப் போறோம்னு சொல்லிடு."

பட்டர்வொர்த்தில் எங்களுக்கு மாமாவே கிடையாது!

நாங்கள் தேடிப் போனது, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு மீட்டிங்கை. (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) சேவியர் நல்ல டெக்னீஷியன், நல்ல அப்பா... வேலை முடிகிற வரைக்கும். அதற்குமேல் பாட்டில்தான். எத்தனையோ தடவை விட்டான், எத்தனையோ தடவை மறுபடி தொட்டான். கடைசியில் அவன் மனைவி ரீட்டா மகளைக் கூட்டிக்கொண்டு தைப்பிங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டைகூடப் போடவில்லை. "தனியா உங்களால முடியாதுங்க. மீட்டிங்குக்குப் போங்க. போயிட்டு வந்து கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே என் வீட்டுக்கு வந்து நின்றான். "போறேன்க்கா. நீ கூட வா." முகத்தில் அப்படி ஒரு பிடிவாதம். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

போனில் தேடினால், ஜெலுத்தோங்கில் எங்கள் இருவர் வீடும் இருக்கும் ஃபிளாட் கட்டடத்திலிருந்து நடக்கிற தூரத்திலேயே ஒரு மீட்டிங் இருக்கிறது! வேண்டவே வேண்டாம் என்றுவிட்டான். "பசார் கடை ஆளுங்க பூரா பாப்பாங்க லா. அந்தப் பக்கம் போயிடலாம்."

அதனால்தான் இந்தக் கடல் பயணம்.

பட்டர்வொர்த்தில் கட்டடம் கிடைத்தது. மாடி கிடைக்கவில்லை. போர்டும் இல்லை. கீழே சாப்பாட்டுக் கடைக்காரரிடம் கேட்கலாம்... எப்படிக் கேட்பது? "குடியை விடுற மீட்டிங் எங்கே?" என்று கேட்க இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை. "அண்ணே... இங்க மீட்டிங்..." என்று இழுத்தேன். "ரெண்டாவது மாடி, அக்கா" என்றார் அவர் பட்டென்று.

ஏறினோம். ஏர்கண்டிஷன், வரிசையாக நாற்காலிகள், ஒரு தட்டில் சூடான கறிபாப் பலகாரம். கோட்டு போட்டு, டை கட்டிய இளைஞர் ஒருவர் கைகூப்பினார். "வாங்கண்ணே, வாங்கக்கா! புதுசா? கூச்சப்படாதீங்க!" எவ்வளவு அன்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு யாருக்குத் தன் வாழ்க்கைய மாத்திக்கணும்னு துணிச்சல் இருக்கு? எழுந்து வாங்க!"

சேவியர் எழுந்தான். நேராக நடந்து போய் மைக்கை வாங்கினான்.

"என் பேரு சேவியர். நான் குடிக்கு அடிமை. என்னால தனியா விட முடியல. எனக்கு உதவி வேணும்."

அறை முழுக்கக் கைதட்டல். டை கட்டியவர் மட்டும் திருதிருவென்று விழித்தார். "சூப்பர்ண்ணே... நம்ம பவுடர் ஈரலுக்கும் ரொம்ப நல்லதுண்ணே..." என்று பக்கத்து மேஜையின் துணியை விலக்கினார்.

டப்பா டப்பாவாகச் சத்துப் பவுடர்! நாங்கள் வந்து உட்கார்ந்திருந்தது டைரக்ட் செல்லிங் மீட்டிங்கில்!

இதுகூடப் பரவாயில்லை. முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தவர் யார் தெரியுமா? எங்கள் ஃபிளாட்டின் புஷ்பா அக்கா. யார் கண்ணில் படக்கூடாதென்று கடல் தாண்டினோமோ, சாட்சாத் அவரே! சேவியரின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ தேடுறது மேல் மாடி. ஆளுங்க போறத பாத்திருக்கேன்."

படிக்கட்டுக்கு வந்தோம். கீழே போனால் ஃபெரி, மேலே போனால் மீட்டிங். திரும்பிவிடுவான் என்றே பயந்தேன். இன்று திரும்பினால் இனி எந்த மீட்டிங்குக்கும் வரமாட்டான், ரீட்டாவும் வரமாட்டாள்.

அவன் சிரித்தான்! "பவுடர் விக்கிறவங்க முன்னாலேயே சொல்லிட்டேன். இனிமே யாருகிட்ட சொல்ல பயம்?" விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டான்.

நான் கீழே காத்திருந்த நேரத்தில் ஒரு டப்பா பவுடர் வாங்கிவிட்டேன். கறிபாப் சாப்பிட்ட பிறகு எப்படி வேண்டாம் என்பது?

திரும்பும்போது ஃபெரியிலிருந்தே ரீட்டாவைக் கூப்பிட்டான். "அடுத்த வாரமும் போங்க" என்றாள். போனான். இன்றும் போகிறான். அவள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. சனி, ஞாயிறில் மகளோடு வந்து போகிறாள். பார்ப்போம்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நம் கல்யாணங்களில் "என்ன பிராண்டு சரக்கு இருக்கு?" என்று மண்டபமே கேட்கும்படி விசாரிக்கிறோம். விடுவதற்கு மட்டும் ஏன் காதோடு காதாகப் பேசுகிறோம்?

புஷ்பா அக்கா வாயால் செய்தி மறுநாளே ஃபிளாட் முழுக்கப் பரவிவிட்டது. போன வாரம் நான் சேவியர் வீட்டில் இருந்தபோது கீழ்வீட்டு அண்ணன் ஒருவர் வாசலில் வந்து தயங்கினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "தம்பி... அந்த மீட்டிங்..." என்றார்.

"குடியை விடுற மீட்டிங்தானேண்ணே?" சேவியரின் குரல் காரிடார் முழுக்கக் கேட்டது. "நான் இப்ப நம்ம ஜெலுத்தோங்லயே போறேன். வாங்க, நடந்தே போயிடலாம்."

"இங்கயா? ஆளுங்க பாப்பாங்களே தம்பி!"

"பாக்கட்டும்ணே. நாம குடிச்சிட்டு விழுந்தப்பவும் அவங்கதானே பாத்தாங்க!"